தைராய்டு ஹார்மோனும் இரத்தக் குழாய்களின் வளர்ச்சியும்

தைராய்டுச் சுரப்பியின் வேலை குன்றிய ஒருவரின் கையைத் தொட்டுப் பார்த்தால், அது குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும். நாடி மெதுவாக நடக்கும். அச்சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யும் ஒருவரின் கையோ வெதுவெதுப்பாகவும் வியர்வை கசிந்தும் காணப்படும். நாடி விரைந்து துள்ளும். இவ்வேறுபாடுகளை மருத்துவர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக அறிந்துள்ளனர். தோலுக்கு வெப்பத்தைக் கொண்டு வருவது இரத்தம். அந்த இரத்தத்தைப் பங்கிட்டு விடுவன இரத்தக் குழாய்கள். ஆகவே, கழுத்தில் உள்ள ஒரு சிறு சுரப்பிக்கும் உடலெங்கும் பரவிக் கிடக்கும் இரத்தக் குழாய்களுக்கும் நெருங்கிய தொடர்பு இருத்தல் வேண்டும் என்பது இந்நோய்க் குறிகளிலிருந்தே புலனாகிறது.

அத்தொடர்பு எவ்வாறு ஏற்படுகிறது என்ற கேள்விக்கு அண்மைப் பல்லாண்டுகளின் ஆராய்ச்சி ஓரளவு விடை தந்துள்ளது. தைராய்டு ஹார்மோன் இரத்தக் குழாய்களின் அணுக்களைத் தளரச் செய்கிறது. அத்துடன், அவ்வணுக்கள் வளர்ச்சிக் கட்டளைகளை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கின்றன என்பதையும் மாற்றி அமைக்கிறது. இந்த இரண்டாவது செயலே இக்கட்டுரையின் பொருள். சுகாதாரப் பணியாளர்களும் ஆசிரியர்களும் நாள்தோறும் சந்திக்கும் சில செய்திகளுக்கு, உப்பில் உள்ள அயோடின் முதல் மந்தமாகத் தோன்றும் மாணவன் வரை, இதில் விளக்கம் கிடைக்கிறது.

சுரப்பியும் அதன் ஹார்மோன்களும்

தைராய்டுச் சுரப்பி கழுத்தின் முன்புறத்தில், மூச்சுக் குழலை ஒட்டி, வண்ணத்துப் பூச்சியின் வடிவில் அமைந்துள்ளது. வளர்ந்த ஒருவரிடத்தில் அதன் எடை 15 முதல் 20 கிராம் வரை இருக்கும். உடலில் உள்ள அயோடினின் மொத்த அளவு 15 முதல் 20 மில்லிகிராம் மட்டுமே. அதில் பெரும் பகுதியை இச்சுரப்பியே தன்னிடம் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்த அயோடினைக் கொண்டு அது இரண்டு ஹார்மோன்களை உண்டாக்குகிறது. ஒன்று தைராக்ஸின், இதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. மற்றொன்று டிரை அயோடோ தைரோனின். இதில் மூன்று அயோடின் அணுக்கள் உள்ளன. எளிமை கருதி, முன்னதை நான்கு அயோடின் ஹார்மோன் என்றும் பின்னதை மூன்று அயோடின் ஹார்மோன் என்றும் குறிப்பிடலாம்.

சுரப்பியிலிருந்து வெளிவருவதில் பெரும்பங்கு நான்கு அயோடின் ஹார்மோனே ஆகும். இது இரத்தத்தில் உள்ள புரதங்களுடன் இணைந்து உடலெங்கும் செல்கிறது. கல்லீரல் முதலிய உறுப்புகளில் செலினியம் அடங்கிய நொதிகள் இதிலிருந்து ஓர் அயோடின் அணுவை அகற்றி, இதை மூன்று அயோடின் ஹார்மோனாக மாற்றுகின்றன. உயிரணுவின் உள்ளே வலிமையுடன் செயற்படுவது இந்த மூன்று அயோடின் ஹார்மோன்தான்.

இவ்வறிவு படிப்படியாகவே கிடைத்தது. 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி என்னும் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை, தைராய்டுக் குறைவால் உடல் வீங்கித் தளர்ந்திருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அப்பெண் நலம் பெற்று, தொடர்ந்து சிகிச்சை பெற்று, 74 வயது வரை வாழ்ந்தார். 1914-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் தைராக்ஸினைப் பளிங்கு வடிவில் பிரித்தெடுத்தார். 1926-இல் சார்லஸ் ஹாரிங்டன் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். மூன்று அயோடின் ஹார்மோனை 1952-இல் லண்டனில் ஜாக் கிராஸ், ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் ஆகிய இருவரும் கண்டனர்.

இரத்தக் குழாயின் அணுக்கள்

ஆற்று நீர் பெருங்கால்வாயில் புகுந்து, கிளைக் கால்வாய்களாகப் பிரிந்து, கடைசியில் வயலுக்குள் செல்லும் சிறு வாய்க்கால்களை அடைகிறது. இதயத்திலிருந்து புறப்படும் இரத்தமும் அவ்வாறே பெரிய தமனி, நுண்தமனி, தந்துகி என்ற வரிசையில் செல்கிறது. பிராணவாயுவும் உணவுப் பொருள்களும் திசுக்களுக்குள் இறங்குவது தந்துகிகளின் வழியே ஆகும். பெருங்கால்வாய் எவ்வளவு அகன்றிருந்தாலும் கடைசி வாய்க்கால்கள் தூர்ந்து போனால் வயல் காய்ந்துவிடும். தந்துகிகளும் நுண்தமனிகளும் குறைந்துபோன உறுப்பின் நிலையும் அதுவே.

இக்குழாய்களின் சுவரில் இரண்டு வகை அணுக்கள் முக்கியமானவை. உட்புறத்தில் ஒரே அடுக்காகப் பரவி, இரத்தத்துடன் நேரே தொடர்பு கொண்டவை உட்படல அணுக்கள். அவற்றைச் சூழ்ந்து, சுருங்கியும் விரிந்தும் குழாயின் அகலத்தை மாற்றுபவை மென்தசை அணுக்கள். மிக நுண்ணிய தந்துகியின் சுவரில் மென்தசை அணுக்கள் இல்லை. அது பெரும்பாலும் உட்படல அணுக்களால் ஆனது. புதிய தந்துகி உண்டாக வேண்டுமானால், பழைய குழாயின் உட்படல அணுக்கள் பெருகி, செடியிலிருந்து தளிர் கிளைப்பது போல வெளியே கிளைக்க வேண்டும்.

வளர்ந்த உடலில் இவ்வணுக்கள் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கின்றன. புண் ஆறும்போதும், கருப்பையின் உட்சவ்வு மாதந்தோறும் புதுப்பிக்கப்படும்போதும், தசைகள் பயிற்சியால் வலுப்பெறும்போதும் அவை விழித்தெழுகின்றன. அவற்றை எழுப்புபவை வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள்.

வளர்ச்சிக் காரணிகளும் ஏற்பிகளும்

வளர்ச்சிக் காரணி என்பது ஓர் அணு வெளியிடும் புரதம். அது அண்டை அணுக்களைப் பெருகுமாறும் நகருமாறும் தூண்டுகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும், மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரத்தக் குழாய்களைப் பொறுத்தவரை மூன்று காரணிகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. அவை உட்படல அணுக்களைக் குறிப்பாகத் தூண்டும் குழாய் உட்படல வளர்ச்சிக் காரணி, இரத்தத் தட்டணுக்களில் முதலில் காணப்பட்ட தட்டணு வளர்ச்சிக் காரணி, நார் அணுக்களைத் தூண்டுவதால் அப்பெயர் பெற்ற நார் அணு வளர்ச்சிக் காரணி என்பனவாகும்.

இக்காரணிகள் அணுவிற்குள் நுழைவதில்லை. அணுவின் மேற்பரப்பில் அவற்றை ஏற்றுக்கொள்வதற்கென்றே தனிப் புரதங்கள் உள்ளன. அவையே ஏற்பிகள். ஓர் ஏற்பியின் ஒரு முனை அணுவுக்கு வெளியேயும், நடுப்பகுதி அணுவின் சவ்விலும், மறுமுனை உள்ளேயும் இருக்கும். வெளி முனையில் வளர்ச்சிக் காரணி வந்து பொருந்தியதும் இரண்டு ஏற்பிகள் இணை சேர்கின்றன. உள் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்ஃபேட்டை ஏற்றுகின்றன. அதிலிருந்து அணுவினுள் தொடர்ச்சியாகச் செய்தி பரவி, இறுதியில் உட்கருவை அடைகிறது. அணு பிரிவதற்கு ஆயத்தமாகிறது.

இங்கு ஒரு செய்தியைத் தெளிவாக மனத்திற் கொள்ளல் வேண்டும். ஊருக்குக் கடிதம் வந்தால் மட்டும் போதாது. அதைப் பெற்றுக்கொள்ள வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அதுபோல, இரத்தத்தில் வளர்ச்சிக் காரணி நிறைந்திருந்தாலும், அணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் குறைந்திருந்தால் பயன் சிறிதே. ஏற்பிகள் மிகுந்திருந்தால் சிறிதளவு காரணியும் பெரும் விளைவைத் தரும். தைராய்டு ஹார்மோன் தலையிடுவது இவ்விடத்தில்தான். கடிதம் எழுதப்படுவதையும், அதைப் பெற்றுக்கொள்ளும் ஆளையும் அது பாதிக்கிறது.

உட்கரு வழியாக நிகழும் செயல்

தைராய்டு ஹார்மோன் அணுவில் எங்கே செயற்படுகிறது என்பது நெடுங்காலம் விவாதத்திற்குரியதாக இருந்தது. பம்பாயில் பிறந்து லண்டனில் ஆராய்ச்சி செய்த ஜாம்ஷெட் டாட்டா 1960-களில் இவ்விஷயத்தில் முக்கியமான ஒளி பாய்ச்சினார். தைராய்டுச் சுரப்பி நீக்கப்பட்ட எலிகளுக்கு ஹார்மோனைச் செலுத்தியபோது, புதிய புரதங்கள் தோன்றுவதற்கு முன்னரே உட்கருவில் ஆர்.என்.ஏ. உற்பத்தி உயர்வதை அவரும் அவருடைய உடனாய்வாளரும் காட்டினர். ஹார்மோன் மரபணுக்களை இயக்குகிறது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. 1972-இல் ஜாக் ஓப்பன்ஹைமரின் குழு உட்கருவில் ஹார்மோன் பொருந்தும் இடங்கள் இருப்பதைக் கண்டது. 1986-இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தைராய்டு ஹார்மோனின் உட்கரு ஏற்பியைத் தனித்தனியே அடையாளம் கண்டன.

இக்கண்டுபிடிப்பில் ஒரு வியப்பான செய்தி அடங்கியிருந்தது. கோழிகளுக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரஸில் இரண்டு மரபணுக்கள் உள்ளன. அவற்றில் ஒன்று தைராய்டு ஹார்மோன் ஏற்பியின் திரிந்த வடிவம். மற்றொன்று மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியின் திரிந்த வடிவம். ஒன்றின் கட்டுப்பாடு குலைவதற்கும் மற்றொன்று ஓயாது வளர்ச்சிக் கட்டளை பிறப்பிப்பதற்கும் இடமளிக்கும் இரு கருவிகளை ஒரே வைரஸ் சுமந்து வருகிறது. தைராய்டு ஹார்மோனின் வழியும் வளர்ச்சிக் காரணியின் வழியும் அணுவினுள் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதை இது அன்றே உணர்த்தியது.

இரத்தக் குழாய்களில் இதன் விளைவு விலங்குச் சோதனைகளில் ஆராயப்பட்டது. நீண்ட நாள் தைராய்டுக் குறைவுக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளின் இதயத்தில் நுண்தமனிகள் குறைந்து, இதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டு, இதயம் தளர்ந்துபோனதை 2005-இல் வெளியான ஓர் ஆய்வு விவரித்தது. 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தைராய்டு குறைக்கப்பட்ட சுண்டெலிகளின் இதயத்தில் தந்துகிகள் அருகிப் போயிருந்தன. அவற்றுக்கு மூன்று அயோடின் ஹார்மோன் கொடுத்ததும் சில நாட்களிலேயே புதிய தந்துகிகள் கிளைக்கத் தொடங்கின. தட்டணு வளர்ச்சிக் காரணியின் வழியே இவ்விளைவு நிகழ்வதாக அவ்வாய்வாளர் கண்டனர். அதாவது, ஹார்மோன் தானே குழாயைக் கட்டவில்லை. குழாயைக் கட்டும் கட்டளையை அது பிறப்பிக்கச் செய்தது.

எல்லா ஏற்பிகளையும் ஹார்மோன் பெருக்குவதில்லை என்பதும் அறியத்தக்கது. ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் குழாய்களைச் சுருக்குவதுடன், மென்தசை அணுக்களைத் தடிக்கவும் செய்கிறது. அப்பொருளை ஏற்கும் ஏற்பிகளை மென்தசை அணுக்களில் மூன்று அயோடின் ஹார்மோன் குறைக்கிறது என்பது 2003-இல் வெளியான ஆய்வின் முடிவு. எனவே ஓரிடத்தில் உயர்த்துவதும் மற்றோரிடத்தில் தாழ்த்துவதும் ஆகிய இரண்டுமே இந்த ஹார்மோனின் வேலை. ஒரு பாசனக் கண்காணிப்பாளர் சில மதகுகளைத் திறந்தும் சிலவற்றை அடைத்தும் நீரை ஒழுங்குபடுத்துவதற்கு இது ஒப்பாகும்.

அணுவின் மேற்பரப்பில் நிகழும் செயல்

மேற்கூறியவை மரபணுக்களின் வழியே நிகழ்வதால், அவற்றுக்குச் சில மணி நேரமோ அதற்கு மேலோ தேவைப்படும். இதனின்றும் வேறான மற்றொரு வழியும் உண்டு என்பதை ஓர் எளிய சோதனை காட்டியது.

கோழி முட்டையில் வளரும் கருவைச் சூழ்ந்து, இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. குழாய் வளர்ச்சியை ஆராய்வோர் இதனைப் பெரிதும் பயன்படுத்துவர். சவ்வின்மீது ஒரு பொருளை வைத்துச் சில நாட்கள் கழித்துப் பார்த்தால், புதிய கிளைகளைக் கண்ணால் கண்டு எண்ணிவிடலாம். 2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இச்சவ்வின்மீது தைராய்டு ஹார்மோனை இட்டபோது புதிய குழாய்கள் கணிசமாகப் பெருகின. பின்னர் அவர்கள் நான்கு அயோடின் ஹார்மோனை அகரோஸ் மணிகளுடன் இணைத்துச் சோதித்தனர். அகரோஸ் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பொருள். அதன் மணிகள் அணுவின் சவ்வைக் கடந்து உள்ளே செல்ல இயலாதவை. ஆகவே அவற்றுடன் பிணைக்கப்பட்ட ஹார்மோனும் உட்கருவை அடைய முடியாது. ஆயினும் புதிய குழாய்கள் முன்போலவே தோன்றின!

இதிலிருந்து, ஹார்மோன் அணுவின் மேற்பரப்பிலேயே ஏதோ ஓரிடத்தில் பொருந்துகிறது என்பது உறுதியாயிற்று. அவ்விடம் ஆல்ஃபா-வி பீட்டா-3 இன்டெக்ரின் என்னும் புரதம் என்பது 2005-இல் தெரிவிக்கப்பட்டது. இன்டெக்ரின்கள் அணுவைச் சுற்றுப்புறத் திசுவுடன் பிணைக்கும் கொக்கிகள் போன்றவை. வளரும் உட்படல அணுக்களில் இவ்வகை இன்டெக்ரின் மிகுதியாக உள்ளது. உட்கரு ஏற்பி மூன்று அயோடின் ஹார்மோனை விரும்புவதாயின், இந்த மேற்பரப்பு இடமோ நான்கு அயோடின் ஹார்மோனையே வலிமையுடன் பற்றுகிறது.

அங்கு ஹார்மோன் பொருந்தியதும் அணுவினுள் செய்தித் தொடர் ஒன்று இயங்குகிறது. நார் அணு வளர்ச்சிக் காரணி வெளிப்படுகிறது. அது தனக்குரிய ஏற்பியில் பொருந்திக் குழாய் வளர்ச்சியைத் தூண்டுகிறது. இவ்வரிசைக்குச் சான்றும் உண்டு. நார் அணு வளர்ச்சிக் காரணியைச் செயலற்றதாக்கும் எதிர்ப்புப் புரதத்தைச் சேர்த்தபோது, ஹார்மோன் இருந்தும் புதிய குழாய்கள் தோன்றுவது தடைப்பட்டது.

இந்த இன்டெக்ரின் சவ்வில் தனித்து நிற்பதில்லை. வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகள் அதன் அருகிலேயே உள்ளன. இன்டெக்ரினில் நிகழும் மாற்றம் அந்த அண்டை ஏற்பிகளின் வேலையையும் பாதிக்கிறது. தைராக்ஸினிலிருந்து தோன்றும் டெட்ராக் என்னும் பொருள் இன்டெக்ரினின் இடத்தை அடைத்துக்கொண்டு ஹார்மோனைப் பொருந்தவிடாமல் தடுக்கிறது. அதனுடன், ஹார்மோன் அறவே இல்லாத நிலையிலும், நார் அணு வளர்ச்சிக் காரணியும் குழாய் உட்படல வளர்ச்சிக் காரணியும் விளைவிக்கும் குழாய் வளர்ச்சியை அது குறைக்கிறது. அண்டை வீட்டுக் கதவை அடைத்ததால் அடுத்த வீட்டுக்கு வந்த செய்தியும் எட்டாமற் போவதற்கு இது ஒப்பாகும்.

குறைவும் மிகுதியும்

இவ்வாராய்ச்சிகளிலிருந்து கிட்டும் முதற் பாடம், ஹார்மோன் தேவையான அளவில் இருத்தல் வேண்டும் என்பதே. குறைந்தால் நுண்குழாய்கள் அருகுகின்றன. தசைத் தளர்வு குறைந்து குழாய்களின் எதிர்ப்பு உயர்கிறது. தைராய்டுக் குறைவுள்ள பலரிடத்தில் இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு உயர்ந்திருப்பதும், இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுவதும் அனைவரும் அறிந்ததே. மிகுந்தால் குழாய்கள் அளவுக்கு மேல் விரிந்து, இதயம் ஓய்வின்றி உழைக்க நேரிடுகிறது. நாடி ஒழுங்கு தவறுவதும் உண்டு.

இரண்டாவது பாடம் சிகிச்சையைப் பற்றியது. இதய நோயுள்ள முதியவருக்குத் தைராக்ஸின் தேவைப்படும்போது மருத்துவர் மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்ல உயர்த்துவது வழக்கம். ஹார்மோன் இதயத்தை விரைவில் முடுக்கிவிடும். ஆனால் சுருங்கிப் பழுதுபட்ட இதயத் தமனிகள், அவ்வேகத்துக்கு ஈடாக இரத்தத்தை உடனே கொண்டுவர இயலாது. நோயாளி பொறுமையிழந்து தானாகவே மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டால் நெஞ்சு வலியும் அதற்கு மேற்பட்ட இடரும் நேரலாம். உடல் இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரைகளை உட்கொள்ளுமாறு சிலர் கூறும் யோசனை இதே காரணத்தால் அபாயமானது.

மூன்றாவதாக, புற்றுக் கட்டிகளும் தமக்கென இரத்தக் குழாய்களைக் கிளைக்கச் செய்தே வளர்கின்றன என்பதை 1971-இல் ஜூடா ஃபோக்மன் வலியுறுத்தினார். அதனால் இன்டெக்ரின் இடத்தை அடைக்கும் டெட்ராக் போன்ற பொருள்கள் ஆய்வுக்கூடங்களில் ஆராயப்படுகின்றன. கோழிக் கருவிலும் எலியிலும் கண்டவற்றை மனிதருக்குரிய மருந்தாக அப்படியே எடுத்துக்கொள்ளல் ஆகாது. தைராய்டுக் குறைவுக்கு மருந்து உண்போர் இச்செய்தியைக் கேட்டு அஞ்சி அதை நிறுத்திவிடவும் கூடாது. மருத்துவர் அளந்து தரும் மருந்து, உடலில் குறைந்துபோன அளவை ஈடுசெய்வதற்கே ஆகும்.

நம் நாட்டின் அனுபவம்

தைராய்டு ஹார்மோனுக்கு அயோடின் இன்றியமையாதது. மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்த இடங்களில், ஹார்மோன் போதாமையை ஈடுசெய்ய முயன்று சுரப்பி பெருக்கிறது. இதுவே முன்கழுத்துக் கழலை. இமயமலை அடிவாரம் இந்நோய்க்குப் பெயர்பெற்றதாக இருந்தது. அக்காலத்தில் பஞ்சாபில் இருந்த, இன்று இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ஆம் ஆண்டில் பேராசிரியர் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் ஒரு பெரும் சோதனையைத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி மூன்று வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு வட்டங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு வட்டத்திற்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. 1962-இல் ஆராய்ந்தபோது, அயோடின் உப்பு பெற்ற இரண்டு வட்டங்களிலும் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. மூன்றாவது வட்டத்தில் அத்தகைய மாறுதல் இல்லை. பின்னர் அவ்வட்டத்திற்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட்டது.

1962-இலேயே தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. அயோடின் குறைவின் தீங்கு கழலையுடன் நிற்பதில்லை, குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கெடுக்கிறது என்பது தெளிவானதால், 1992-இல் அத்திட்டம் தேசிய அயோடின் குறைவு நோய்கள் தடுப்புத் திட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பதற்கு நாடு முழுவதும் உள்ள தடை 2006-ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

உப்பில் இருக்க வேண்டிய அயோடின், வாங்குவோரின் கையில் குறைந்தது பத்து லட்சத்தில் 15 பங்கு ஆகும். ஆசிரியர்கள் இதை ஒரு கணக்காகவே மாணவர்களுக்குக் கொடுக்கலாம். பத்து லட்சத்தில் 15 பங்கு என்றால், ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம் அயோடின். நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்பவருக்கு 150 மைக்ரோகிராம் கிடைக்கிறது. வளர்ந்த ஒருவரின் அன்றாடத் தேவையும் அதுவே. கருவுற்ற பெண்ணுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதனால் அயோடினுக்காக உப்பை அதிகம் உண்ணலாம் என்று எவரும் கருதக்கூடாது. மிகுதியான உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். உண்ணும் உப்பு சிறிதாயினும் அது தரமான அயோடின் உப்பாக இருத்தலே முறை.

பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

களப் பணியாளர், சோதனைத் திரவத்தின் ஒரு சொட்டை வீட்டு உப்பின்மீது விட்டுப் பார்க்கலாம். அயோடின் இருந்தால் நீல நிறம் தோன்றும். உப்பை மூடியிட்ட கலத்தில், ஈரமும் அடுப்பின் வெப்பமும் படாத இடத்தில் வைக்குமாறு இல்லத்தாருக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

பிறந்த குழந்தைகளிடத்தில் தனிக் கவனம் தேவை. பிறவித் தைராய்டுக் குறைவுள்ள குழந்தை அதிகம் அழாது. நீண்ட நேரம் உறங்கும். ஆகவே வீட்டார் அதனைத் தொல்லை தராத நல்ல குழந்தை என்று பாராட்டுவதும் உண்டு. பால் குடிப்பதில் சோர்வு, நீடித்த மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகுரல், பெருத்த நாக்கு, குளிர்ந்த தோல் ஆகியவற்றுள் சில சேர்ந்து காணப்பட்டால் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். பல குழந்தைகளிடத்தில் தொடக்கத்தில் எக்குறியும் தெரிவதில்லை. ஆதலின், இரத்தச் சோதனைக்கு வசதியுள்ள இடங்களில் பிறந்த சில நாட்களுக்குள் அதைச் செய்துவிடுவதே பாதுகாப்பானது. முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் குழந்தையின் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் காக்கப்படும். காலம் கடந்தால் மூளைக்கு நேர்ந்த குறையைப் பின்னர் எந்த மருந்தாலும் முழுமையாக நீக்க இயலாது.

பள்ளியில், ஆண்டுதோறும் மாணவரின் உயரத்தைக் குறித்து வைக்கும் ஆசிரியர், ஒருவனுடைய வளர்ச்சி நின்றுபோனதை எவருக்கும் முன்பாகக் காண்பார். உயரம் கூடாமை, குளிர் தாங்காமை, இடையறாத சோர்வு, பாடத்தில் திடீர்ப் பின்னடைவு ஆகியவை சேர்ந்து தோன்றும் மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வதற்கு முன், அவனுடைய கழுத்தையும் நாடியையும் மருத்துவர் பார்க்குமாறு செய்தல் நலம். அவனுடைய உடலில் வளர்ச்சிக் கட்டளைகள் பிறந்துகொண்டே இருக்கலாம். அவற்றைக் கேட்டு நடக்க வேண்டிய அணுக்களுக்குத் தேவையான ஹார்மோன் மட்டும் கிடைக்காதிருக்கலாம். அக்குறையை ஓர் எளிய இரத்தச் சோதனையால் அறியவும், நாளொன்றுக்கு ஒரு சிறு மாத்திரையால் தீர்க்கவும் இன்று இயலும்.